குறுந்தொகை 25: அந்தக் குருகு சாட்சியா, தலைவனா?

கரிசல்காட்டான்:
கபிலர் பாட்டு. குருகு என்றால் கொக்கு போன்ற நீர்ப்பறவை. பள்ளிக்கூடத்திலிருந்தே "குருகு தலைவனுக்குக் குறியீடு" என்று கேட்டு வருகிறேன். எனக்கு ஒப்பவில்லை.

யாரும் இல்லை தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னைக் கூடியபோது வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான். அவனே பொய்த்தால் நான் என்ன செய்வேன்? ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி, தினைத்தாள் போலச் சிறிய பசுங்கால்களோடு ஒரு குருகும் நின்றது. இவ்வளவுதான். உவமை என்று இருப்பது அந்த 'அன்ன' ஒன்றே. மற்றதெல்லாம் நாம் ஏற்றுவது.

முல்லைவாசி:
சார், 'அன்ன' மாதிரி உருபு இருந்தால்தான் உவமை என்றால், வெளியே சொல்லாமல் உணர்த்தும் உள்ளுறையை எங்கே வைப்பது? தொல்காப்பியமே உள்ளுறை உவமம், ஏனை உவமம் என்று இரண்டாகச் சொல்கிறது. குருகின் கண் முழுக்க மீன்மேல். மீன் கிடைத்ததும் பறந்துவிடும். அவனும் அப்படித்தான். கபிலர் இதைச் சொல்லாமல் சொல்கிறார்.

கரிசல்காட்டான்:
அப்படியானால் தலைவன் ஏமாற்றுக்காரன் என்று கபிலர் தீர்ப்பு எழுதிவிட்டாரா? 'பொய்ப்பின்' என்றால் 'பொய்த்தால்'. அவன் இன்னும் பொய்க்கவில்லை. பாட்டின் கீழுள்ள பழைய குறிப்பும் 'வரைவு நீட்டித்த இடத்து' என்றே சொல்கிறது. கல்யாணம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

தினைப்புனம்:
இரண்டு பேரும் கபிலரையே பேசவைக்கிறீர்கள். பேசுவது தலைவி, அதுவும் தோழியிடம். 'கள்வன்' அவள் பயத்தில் வந்த சொல்.

எங்கள் பாட்டி கொல்லையில் தினை விதைப்பார். தாள் மெலிசாக, இளம்பச்சையாக, இடையிடையே கணுவோடு நிற்கும். கொக்கின் காலைப் பாருங்கள், நடுவில் அதே கணு. தினைப்புனம் காத்த பெண்ணுக்குத்தான் இந்த உவமை சட்டென்று வாயில் வரும். உவமையை வைத்தே பேசுகிறவள் யார் என்று தெரிந்துவிடுகிறது.

அப்புறம், அவளுக்கு நினைவிருப்பது பறவையின் கால். தலை குனிந்து தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதலடியில் 'யாரும் இல்லை' என்றவள் கடைசி அடியில் 'குருகும் உண்டு' என்கிறாள். அந்த 'உம்' என்னை உலுக்கிவிடும். பிடிக்க ஒரு கொம்பு தேடி, கடைசியில் ஒரு பறவையைப் பிடிக்கிறாள். அந்தப் பறவையும் அவளைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கரிசல்காட்டான்:
தினைத்தாள் அவளுடையது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குருகுதான் அவன் என்ற உள்ளுறை யாருடையது? தோழியிடம் அழுகிற பெண் அந்த நேரத்தில் உள்ளுறை யோசித்தா பேசுவாள்?

முல்லைவாசி:
தொல்காப்பிய உவமவியலில் இதற்கு விதியே இருக்கிறது: "கிழவி சொல்லின் அவளறி கிளவி." தலைவி பேச்சில் உவமை வந்தால் அது அவள் அறிந்த பொருளாக இருக்க வேண்டும். கபிலர் சொல்கிறார் என்று நான் எழுதியது தப்பு. குருகு மீனுக்காக நிற்பதை அவள் தினமும் பார்த்திருப்பாள்.

கரிசல்காட்டான்:
பார்த்திருப்பாள். அவனை அதில் கண்டாளா என்பதுதான் என் கேள்வி. தோழிக்குப் புரியட்டும் என்று வைத்தாளா, தன்னையறியாமல் வந்ததா? எனக்கு இன்னும் இரண்டாவதுதான் படுகிறது.