மாதவிலக்கு தாறுமாறாகி டாக்டரிடம் போனவர்கள், நடந்ததை எழுதுங்கள்

செந்தூல்காரி

மூன்று வருஷம் ஆகிவிட்டது. "பியாசா", மலாயில் வழக்கம்போல என்று அர்த்தம், அந்த ஒரு வார்த்தை இன்னும் மனசை அரித்துக்கொண்டிருக்கிறது.

அப்போது எனக்கு 38. பத்து நாள் போகும், ஐந்து நாள் விடும், மறுபடி பன்னிரண்டு நாள். வேலையிடத்து பேனல் கிளினிக்கில் டாக்டர் "டாரா பஞ்ஞாக் கா?", இரத்தம் நிறைய போகிறதா என்று கேட்டார். "பியாசா டாக்டர்" என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு, இரத்தம் நிற்க பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். மாத்திரை முடிந்த மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாக வந்தது. இப்படி மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் பியாசா என்றுதான் சொன்னேன். உண்மையில் இரண்டு மணிக்கு ஒரு பேட் மாற்றிக்கொண்டிருந்தேன். ராத்திரியில் பழைய கைலியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் படுப்பேன். எங்கம்மாவும் அப்படித்தான் படுப்பார். அதனால் எனக்கு அதுதான் பியாசா.

கடைசியில் அரசாங்க கெசிஹாதான் கிளினிக்குக்குப் போனேன். ஏழரைக்கு நம்பர் எடுத்தும் பத்து மணி வரை கூப்பிடவில்லை. என் நம்பர் வந்தது, எழுந்தேன். நாற்காலியில் உள்ளங்கை அகலத்துக்கு இரத்தம். அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். நம்பரை இரண்டாம் முறை கூப்பிடுகிறார்கள், எனக்கு எழ முடியவில்லை. பக்கத்தில் இருந்த மாக்சிக், ஒரு மலாய் அம்மா, என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. பையிலிருந்து, தொழுகைக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். ஈர டிஷ்யூவால் நாற்காலியைத் துடைத்தார். முதுகில் தட்டி "பெர்கிலா", போ என்றார்.

உள்ளே இருந்த டாக்டரம்மா கேட்ட விதமே வேறு. ஒரு நாளைக்கு எத்தனை பேட்? முழுசாக நனைகிறதா? ராத்திரி எழுந்து மாற்றுகிறீர்களா? கட்டி கட்டியாக விழுகிறதா? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல எனக்கே பயம் வந்தது. ஹீமோகுளோபின் 6.4. பெண்களுக்கு 12ஆவது இருக்க வேண்டுமாம். அன்றைக்கே அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரி ஜி.எச்.சுக்கு அனுப்பி இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பைக்குள் பிதுங்கிய நார்க்கட்டி. அப்புறம் அதைக் கீழ்வழியாகவே கேமரா விட்டு எடுத்தார்கள், வயிற்றைக் கிழிக்கவில்லை.

அன்று வெளியே வந்து பார்த்தேன், மாக்சிக் போய்விட்டார். அந்தத் துணி துவைத்து மடித்தபடி என் அலமாரியில் இருக்கிறது.

பாயான் லெப்பாஸ் ஷிப்ட்

அக்கா, உங்களுக்குக் கேள்வி கேட்காமல் உதவ ஒருவர் இருந்தார். எனக்கு நேர்மாறு.

22 வயது, ஃபேக்டரி வேலை, பகல் ஷிப்ட் இரவு ஷிப்ட் மாறி மாறி வரும். நாலு மாசம் வரவே இல்லை. அப்புறம் வந்தது 19 நாள் நிற்கவில்லை. அம்மாவோடு போனேன். நர்ஸ் மிஸி ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பைக் கையில் கொடுத்து "யு.பி.டி." என்றார். அது என்ன என்று அம்மா கேட்டார். கர்ப்பமா என்று பார்க்க என்று கவுண்டரில் வைத்தே சொல்லிவிட்டார். "என் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகலை" என்று அம்மா போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கழிவறையில் கப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு சொட்டு வரவில்லை. கதவுக்கு வெளியே அம்மாவின் செருப்பு அங்கும் இங்கும் நடக்கிற சத்தம். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அந்தச் செருப்புச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது.

நெகட்டிவ். ஹார்மோன் கோளாறான பிசிஓஎஸ் மாதிரி இருக்கிறது, ஸ்கேன் பார்த்துச் சொல்கிறோம் என்று தேதி கொடுத்தார்கள். அம்மா பினாங்குப் பாலம் தாண்டி பட்டர்வொர்த் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நெகட்டிவ் என்று தெரிந்த பிறகும் ஏன் பேசவில்லை? கல்யாணமாகாத பெண்ணிடம் அந்த டெஸ்ட் எதற்கு?

பழைய மிஸி

தங்கச்சி, கவுண்டரில் வைத்துச் சொன்னது தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். உன்னைத் தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் டெஸ்ட் கேட்டது தப்பே இல்லை. பிள்ளை பெறும் வயதில் இரத்தப்போக்கு என்று யார் வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்போம். அதற்கும் உன் நடத்தைக்கும் சம்பந்தமில்லை. கரு, கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கிவிட்டால் வருகிற இரத்தம் மாதவிலக்கு மாதிரியே இருக்கலாம். குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கொட்டி சில மணி நேரத்தில் உயிரே போகலாம். என் மகள் கர்ப்பமாக வாய்ப்பே இல்லை என்று தாய் சத்தியம் செய்த ஒரு பெண்ணை நான் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆப்பரேஷன் தியேட்டர் கதவு வரை அவள் விரல் என் சட்டை பட்டனை விடவில்லை. பிழைத்துக்கொண்டாள். என் கதை அவ்வளவுதான்.

கேட்காமலேயே சில விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரத்தம் வந்த முதல் நாளிலிருந்து அடுத்த முறை வந்த முதல் நாள் வரை எண்ணுங்கள். 24 முதல் 38 நாள் வரை சரி. எட்டு நாளுக்கு மேல் போனாலோ, இடையில் வந்தாலோ, உறவுக்குப் பிறகு வந்தாலோ போய்க் காட்டுங்கள். மணிக்கு ஒரு பேட் என்று இரண்டு மூன்று மணி நேரம் நனைந்து, தலையும் சுற்றினால் கிளினிக் நம்பருக்குக் காத்திருக்க வேண்டாம், நேரே எமர்ஜென்சி. இரத்தம் நிற்கட்டும், அப்புறம் போகலாம் என்று நம் பெண்கள் வாரக்கணக்கில் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பார்க்கும் பாப் ஸ்மியரை வேண்டுமானால் தள்ளி வைப்பார்கள், டாக்டரைப் பார்க்க நிற்க வேண்டியதில்லை.

குடிக்கிற ஜாமு மூலிகை, சீன மருந்துக்கடை வேர், குடும்பக்கட்டுப்பாட்டு ஊசி, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். தைராய்டு கோளாறிலும் இப்படி ஆகும், அதனால் அந்த இரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பால் டீயான தேத்தாரேக்கோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. தண்ணீரோடு அல்லது ஆரஞ்சுச் சாற்றோடு எடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பிசிஓஎஸ் உள்ளவர்கள், வராவிட்டால் நிம்மதி என்று மாசக்கணக்கில் விடாதீர்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், பிற்காலத்தில் அது ஆபத்து. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், தயங்காதீர்கள்.

கெப்போங் அம்மா

எனக்கு வயது 56. மாதவிலக்கு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு விரதம் இருந்தேன். நாலு நாள் இருக்கும்போது, காலையில் குளிக்கப் போன இடத்தில் உள்பாவாடையில் ஒரு பொட்டு, ஐம்பது காசு அளவு. செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன், மஞ்சள் நூல் எல்லாம் தயார். அந்தச் செம்பைப் பார்த்து அழுதேன். தீட்டு வந்துவிட்டதே, முருகன் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டானே என்றுதான் நினைத்தேன். உடம்புக்கு என்னவோ என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. யாரிடமும் சொல்லாமல் மருமகளிடம் கால் வலி என்று சொல்லி நின்றுவிட்டேன்.

ஆடி மாசம் மறுபடி வந்தது, அப்போதுதான் போனேன். உள்சவ்வு 14 மில்லிமீட்டர். நின்றுபோனவர்களுக்கு 4க்கு மேல் இருந்தால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிப்பார்களாம். புற்றுநோய், முதல் கட்டம். கர்ப்பப்பையை எடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறேன். நின்றபிறகு வருகிற இரத்தம் பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பொட்டு என்றாலும் காட்டியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அந்த ஆறு மாசம்தான் ஆறவில்லை. தைக்கும் ஆடிக்கும் நடுவில் நான் கோபித்துக்கொண்டு கோயிலுக்கே போகவில்லை.

ஈப்போ ரோடு

இவ்வளவு ஸ்கேன், ஆப்பரேஷன் எல்லாம் எதற்கு? வாழைப்பூவைத் தயிரோடு ஒரு மண்டலம் சாப்பிட்டால் நிற்கும். எங்கள் பாட்டி பதினொரு பிள்ளை பெற்றவர், ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை.

செந்தூல்காரி

ஈப்போ ரோடு, நான் வாழைப்பூ சாப்பிட்டேன். இரண்டு மாசம், வாரத்துக்கு மூன்று நாள். அந்த இரண்டு மாசத்தில்தான் 6.4க்கு இறங்கியது. வாழைப்பூ நல்ல காய், இன்றைக்கும் வடை சுடுகிறேன். அது நார்க்கட்டியைக் கரைக்காது. உங்கள் பாட்டியைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவருக்கு எவ்வளவு போனது, எப்படிப் படுத்தார் என்று யாராவது கேட்டிருப்பார்களா?

கெப்போங் அம்மா, உங்கள் செம்பைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

பாயான் லெப்பாஸ் ஷிப்ட்

மிஸி அக்கா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன், அந்த ஸ்ட்ரெச்சர் கதையை. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார். "எனக்கும் கல்யாணத்துக்கு முன்னால ஆறு மாசம் வராம இருந்துச்சு" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்கேன் வரும் செவ்வாய். டாக்டர் தரும் லீவுச் சீட்டு எம்.சி. கிடைக்காது என்று லீவே போட்டுவிட்டேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார். வயிற்றுமேல் வைத்துப் பார்ப்பதுதானே? தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும்?

பழைய மிஸி

ஆமாம், கல்யாணமாகாதவர்களுக்கு வயிற்றுமேல்தான் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் முன்னால் நாலைந்து டம்ளர் குடி, ஸ்கேன் முடிகிறவரை கழிவறைக்குப் போகாதே. தளர்ந்த பாவாடை போட்டுக்கொண்டு போ. பைக்குள் இரண்டு பேட் வைத்துக்கொள்.