தட்டுல திரும்பி வந்த சீனி

லயத்துப் பொண்ணு:
தாமான் அப்பா நேத்து போட்ட பதிவப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. தோட்டத்து சனம் வாங்கியே பழகிடுச்சாம், குடுக்கத் தெரியாதாம், அதனால இவரு தீபாவளி அன்னைக்கு மகன் கையில பத்து ஊதா அங்பாவ், அதான் காசு வச்ச உறை, குடுத்து செம்பனைத் தோட்டத்து வங்காளதேசிங்க தங்கியிருக்குற கொங்சி கொட்டகைக்கு கூட்டிட்டுப் போயி குடுக்குற சந்தோசத்த கத்துக் குடுத்தாராம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீட்டுல, பொறந்தவ. விடியக்காலம் எண்ணெய் தேச்சுக் குளிச்சு புதுத்துணி போட்டதும் அம்மா எங்க கையில முதல்ல குடுக்குறது தட்டுதான், நாங்க ஒரு முறுக்கக்கூட வாயில வச்சிருக்க மாட்டோம். நாலு அச்சு முறுக்கு, நாலு நெய் உருண்டை, ரெண்டு அதிரசம், மேல வாழை இலைத் துண்டு. சீனர் கடை, மலாய்க்கார லாரி டிரைவர் வீடு, கடைசி லயத்துல தனியா இருந்த பாட்டி வீடு. தட்ட யாரும் சும்மா திருப்ப மாட்டாங்க, ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவாங்க. இதுக்கு மேல என்னத்த கத்துக் குடுக்கணும்?

தாமான் அப்பா:
அக்கா, நீங்களே சொல்லிட்டீங்க. பலகாரம் போச்சு, சீனி வந்துச்சு. அது கொடுக்கல் வாங்கல். என் மகன் குடுத்த இடத்துல இருந்து ஒண்ணும் திரும்பி வராது.

பால்வெட்டு மகன்:
ஒரு திருத்தம். சீனி இல்ல, அரிசி. எங்க தோட்டத்துல அரிசிதான் போடுவாங்க.

லயத்துப் பொண்ணு:
எங்க தோட்டத்துல சீனி. தட்டத் தூக்கிட்டு நடந்தவ நான், நீங்க இல்ல.

டீச்சரம்மா:
சண்டை வேணாம், ஆராய்ச்சியே இருக்கு. 2008ல ஜெர்மனியில வார்னகன், தோமசெல்லோனு ரெண்டு பேரு 20 மாசக் குழந்தைங்கள வச்சு செஞ்சாங்க. உதவி செஞ்சதுக்கு பரிசா சாமான் வாங்கின பிள்ளைங்க அப்புறம் பரிசு இல்லாதப்போ உதவுறத குறைச்சிடுச்சுங்க. வாயால பாராட்டினதுக்கு அப்படி ஆகல. அதனால அந்த சீனி விசயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான்.

தாமான் அப்பா:
பாத்தீங்களா. சீனிதான் பரிசு. நான் சொன்னது சரி.

லயத்துப் பொண்ணு:
எதுங்க பரிசு? சீனி எங்க வாய்க்கா போச்சு? வீட்டுக்கு வந்ததும் அம்மா மைலோ டின்ல கொட்டிடுவாங்க, மறுநாள் தேத்தண்ணிக்கு. எங்களுக்கு கிடைச்சது அந்தப் பாட்டி தலையில வச்ச கைதான். ஒரு வருசம் பாட்டி வீட்டுக்குப் போற வழியில தட்டுல இருந்த அதிரசம் மண்ணுல விழுந்துடுச்சு. என் தம்பிக்கு அப்ப அஞ்சு வயசு, சட்டைப் பையில அவன் பங்கு ஒண்ண பேப்பர்ல சுத்தி ஒளிச்சு வச்சிருந்தான், அத எடுத்து பேப்பரோட தட்டுல வச்சுட்டான். பாட்டி அதப் பிச்சுத் திங்கிற வரைக்கும் படியிலயே உக்காந்து பாத்துட்டு இருந்தான். யாரு சொல்லிக் குடுத்தா அவனுக்கு? டீச்சரம்மா இதுக்கும் ஆராய்ச்சி இருந்தா சொல்லுங்க.

டீச்சரம்மா:
இருக்கே. 2012ல கனடாவுல அக்னினும் கூட ரெண்டு பேரும் செஞ்சது, ரெண்டு வயசுகூட ஆகாத பிள்ளைங்க. பிஸ்கட்டு வாங்கினப்ப இருந்த சந்தோசத்தவிட ஒரு பொம்மைக்கு குடுத்தப்ப முகத்துல சந்தோசம் கூட இருந்துச்சாம், அதுலயும் தன் பங்குல இருந்து எடுத்துக் குடுத்தப்ப இன்னும் கூட.

லயத்துப் பொண்ணு:
தன் பங்குல இருந்து. தம்பி செஞ்சது அதுதான். உங்க மகன் குடுத்த பத்து அங்பாவும் யாரு காசு தாமான் அப்பா?

தாமான் அப்பா:
அவனுக்கு ஏழு வயசு, சம்பாதிக்கவா செய்றான்? அங்க ஒரு தம்பி கைப்பேசியில அவரு பிள்ளை படத்தக் காட்டினாரு, இவன் வயசுதான், முன்பல் ரெண்டும் விழுந்திருந்துச்சு, இவனும் வாயத் தொறந்து தன் ஓட்டைப் பல்லக் காட்டினான். வீட்டுக்கு வர்ற வரைக்கும் அதையே பேசிட்டு வந்தான். அத நீங்க காசுக் கணக்குல பாக்குறீங்க. தட்டு, சீனி எல்லாம் ஊர் வழக்கம், அவ்வளவுதான்.

பால்வெட்டு மகன்:
அரிசி. அப்புறம் தோட்டத்து சனத்துக்கு குடுக்கத் தெரியாதுன்னு சொன்னீங்களே, 1960ல அமைச்சரா இருந்த சம்பந்தன் கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சப்போ, தோட்டத்த துண்டு போட்டு விக்கிறாங்க, நாமளே சேந்து வாங்கணும்னு மாசம் 10 வெள்ளியா கட்டினது யாரு, ரப்பர் மரத்துல பால் வெட்டின கைங்கதானே, எங்க அப்பா சம்பளத்துல முதல்ல அத எடுத்து வச்சுட்டுதான் அரிசிக் கடைக்கே போவாரு.

தாமான் அப்பா:
அது பங்கு அண்ணே. பணத்துக்குப் பங்குப் பத்திரம் வந்துச்சு. பலகாரத்துக்குச் சீனி வந்த மாதிரி.

பால்வெட்டு மகன்:
எங்க அப்பா வேர்வைய சீனியோட சேக்காதீங்க. கோயில் அன்னதானத்துக்கு ரெண்டு மூட்ட அரிசி தர்றேன்னு மைக்ல சொல்லிட்டு ஒரு மூட்ட அனுப்பினவரு நீங்க, ஞாபகம் இருக்கா?

தாமான் அப்பா:
அந்த ரெண்டாவது மூட்டைய மறுநாள் அனுப்பினேன். வாங்கினவங்களக் கேளுங்க.

டீச்சரம்மா:
பிள்ளைங்களப் பத்தி பேசிட்டு இருந்தோம்...

லயத்துப் பொண்ணு:
பிள்ளைங்களப் பத்திதான் டீச்சரம்மா பேசுறேன். வர்ற தீபாவளிக்கு என் பேத்திய மலாய்க்கார வீட்டுக்கு தட்டோட அனுப்பப்போறேன், அவளே முறுக்குப் பிழிஞ்சு அவளே அடுக்கட்டும், நான் கூடப் போகமாட்டேன், படமும் எடுக்கமாட்டேன். தாமான் அப்பா எடுத்தாரு, பத்து அங்பாவுக்கு பதினாலு படம், எண்ணிப் பாத்தேன்.

தாமான் அப்பா:
படம் எடுத்தா தப்பா? மத்த பிள்ளைங்க பாத்து செய்யட்டுமேன்னுதான் போட்டேன். உங்க பேத்தி தட்டுல சீனி வந்தா என்ன செய்வீங்க?

லயத்துப் பொண்ணு:
மைலோ டின்ல கொட்டுவேன்.

பால்வெட்டு மகன்:
அரிசி வந்தா?