அண்ணன் ஐ.பி. கொடுக்கலாமா?

தறித்தம்பி:
வணக்கம். என் அண்ணன் பதினாறு தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நூல் விலை ஏறியது. துணி வாங்கிய வியாபாரி ஒருவர் பணத்தை இழுத்தடித்தார். தறி நிற்கக் கூடாது என்று வட்டிக்கு வாங்கினார், அந்த வட்டியைக் கட்ட இன்னோர் இடத்தில் வாங்கினார். இன்று மொத்தக் கடன் 41 லட்சம். வீட்டை அடமானம் வைத்து வங்கியில் 18 லட்சம், புரோநோட்டிலும் கைமாற்றாகவும் ஒன்பது பேரிடம் 17 லட்சம், மீதி கிரெடிட் கார்டும் சீட்டும். வங்கிக் கடனுக்கு மைத்துனர் ஜாமீன் போட்டிருக்கிறார். இரண்டு பேரிடம் தொகை எழுதாத காசோலைகள் இருக்கின்றன.

ஒரு புரோக்கர் வந்தார். ஐ.பி. என்றால் கடனைக் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனு. "ஐ.பி. கொடுத்துவிடுங்கள், மனு போட்ட அன்றே எல்லாம் முடிந்துவிடும். அதற்கு முன் அந்த ஒரு ஏக்கர் காட்டை மட்டும் அண்ணி பேருக்கு எழுதிவிடுங்கள்" என்கிறார். அண்ணன் சரியாகச் சாப்பிட்டே பத்து நாள் ஆகிறது. இது சரியான வழியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வூதியர்:
தம்பி, உங்கள் அண்ணன் நிலைமைக்கு வருந்துகிறேன். ஆனால் மஞ்சள் நோட்டீஸ், அதாவது ஐ.பி. நோட்டீஸ், வாங்கியவன் பக்கத்திலிருந்தும் ஒருவன் பேச வேண்டும்.

பணி ஓய்வில் கைக்கு வந்த பணத்தில் 6 லட்சத்தை, முப்பது வருடப் பழக்கத்தை நம்பி ஒருவருக்குக் கொடுத்தேன். நோட்டீஸ் வருவதற்கு முந்தின வாரம்கூட என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனுவில் கடன்கொடுத்தவர்கள் என்று 23 பேர் இருந்தோம். அதில் பாதிக்கு மேல் அவருடைய சொந்தக்காரர்கள். வீடு முன்பே மனைவி பேரில் இருந்தது. எனக்கு ஒரு பைசா வரவில்லை. என் மகள் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது.

நாமம் போடுவதற்குச் சட்டம் கொடுத்த பெயர் ஐ.பி. என்பது என் கருத்து. காட்டை அண்ணி பேருக்கு மாற்றச் சொல்லும் ஆளை வீட்டுக்குள் விட்டதே தவறு.

கறுப்பு அங்கி:
இருபது வருடமாகச் சார்பு நீதிமன்றத்தில் இந்த மனுக்களைப் பார்த்துவருகிறேன். இரண்டு தரப்புக்கும் ஆஜராகியிருக்கிறேன். ஓய்வூதியர் ஐயா பட்ட இழப்பு உண்மை. ஆனால் அவருக்கு நடந்தது சட்டம் அனுமதித்த செயல் இல்லை, சட்டத்தை ஏமாற்றிய செயல்.

முதலில் புரோக்கர் சொன்னது. மனு போட்ட அன்று எதுவும் முடியாது. சென்னை நகரத்துக்கு 1909-ஆம் வருடச் சட்டம், உயர் நீதிமன்றம். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் வருட மாகாண நொடிப்புச் சட்டம். கடனைத் தீர்க்க இயலாதவர், கடன் 500 ரூபாயைத் தொட்டிருந்தாலே மனு போடலாம். அந்தத் தொகையை வைத்தே சட்டம் எவ்வளவு பழையது என்று புரிந்துகொள்ளலாம். 2016-இல் புதிய திவால் சட்டம் வந்ததே என்று கேட்பார்கள். அதில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் அண்ணனுக்குப் பழைய சட்டம்தான்.

மனு, விசாரணை, அதன்பின் "இவர் நொடித்தவர்" என்ற உத்தரவு. அந்த உத்தரவு வந்த பிறகுதான் கடன்கொடுத்தவர்கள் தனித்தனியாக வசூலில் இறங்க முடியாமல் போகும். அதே நொடியில் அண்ணனின் சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் கைக்கோ, சொத்தைப் பொறுப்பேற்க அது நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும். விடுவிப்பு, அதாவது கடன்களிலிருந்து விடுவிக்கும் நீதிமன்ற உத்தரவு, கிடைக்கும்வரை அவர் புதிதாகச் சம்பாதித்து வாங்கும் சொத்தும் அப்படியே. வேட்டி சேலை, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, ஆயுள் காப்பீட்டுப் பணம் போன்ற, உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஜப்திக்கு விலக்கு அளித்தவை மட்டும் தப்பும். தாலியை யாரும் தொட முடியாது. பதினாறு விசைத்தறியையும் கருவி என்று சொல்லித் தப்பவைக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

வீடு அடமானத்தில் இருக்கிறது அல்லவா, வங்கியை ஐ.பி. தடுக்காது. அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவரின் உரிமை அப்படியே நிற்கும்.

காட்டை அண்ணிக்கு எழுதினால், எழுதிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு வந்தால் அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். நல்லெண்ணத்தோடு உரிய விலை கொடுத்து வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. அதற்கும் மேலே, கடன்கொடுத்தவர்களை ஏமாற்றச் சொத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை.

ஓய்வூதியர்:
ஐயா, ஏட்டில் எல்லாம் அழகாக இருக்கிறது. பத்திரத்தை ரத்து செய்ய யார் போவது? நான் ரிசீவரைப் பார்க்க நாலு முறை போனேன். பஸ் செலவும் வக்கீல் பீசும் சேர்ந்ததுதான் மிச்சம். 6 லட்சம் போனவன் இன்னும் ஒரு லட்சம் செலவழித்து நியாயம் வாங்க வேண்டும் என்றால் அந்தச் சட்டம் யாருக்கு?

கறுப்பு அங்கி:
நியாயமான கேள்வி. ரிசீவரிடம் எழுத்தில் கேட்டு அவர் மறுத்தால், கடனை நிரூபித்த எந்தக் கடன்கொடுத்தவரும் நீதிமன்ற அனுமதியோடு தாமே அந்த மனுவைப் போடலாம். இது பலருக்குத் தெரியாது. உங்களுக்கு அன்று யாரும் சொல்லவில்லை என்பது என் தொழிலில் இருப்பவர்களின் குறை, ஒப்புக்கொள்கிறேன். 23 பேரில் உண்மையான பத்துப் பேர் சேர்ந்து ஒரு வக்கீலை வைத்திருந்தால் செலவும் பங்காகியிருக்கும். ஆனால் ஏமாந்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்துப் பிரிந்து நிற்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாத்திரக்கடை:
நான் ஐ.பி. கொடுத்தவன். ஓய்வூதியர் ஐயா என்னைத் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் நாமம் போட்டவன் இல்லை.

2009-இல் மனு போட்டேன். உத்தரவு வரப் பதினான்கு மாதம். கடைச் சரக்கு, ஒரு மனை, எல்லாவற்றையும் நானே பட்டியல் எழுதி ஒப்படைத்தேன். ஏலத்தில் போன விலையைப் பார்த்து அன்று இரவு அழுதேன். ஒரு ரூபாய்க்கு நாற்பது பைசாகூடத் தேறவில்லை. சொத்து, கடனில் பாதிக்குக் குறைவாக இருந்தால், அதற்கு நாம் பொறுப்பில்லை என்று காட்டாதவரை முழு விடுவிப்பு கிடைக்காது. எனக்கு நிபந்தனையோடுதான் கிடைத்தது. வேலைக்குப் போன சம்பளத்தில் மாதாமாதம் கட்டினேன். 2016-இல் முடிந்தது.

உத்தரவு வந்த பிறகு விடுவிப்பு வரை, நொடித்தவன் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. தப்பித்தல் என்று சொல்பவர்கள் ஒரு மாதம் அந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்க்க வேண்டும். ஆனாலும் கொடுத்ததற்கு நான் வருந்தவில்லை. அதற்கு முந்தின வருடம் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும். தறித்தம்பி, அண்ணனை இரவில் தனியாக விடாதீர்கள். வேறு எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம்.

ஜாமீன்தாரர் மகள்:
எல்லாரும் கடன் வாங்கியவரையும் கொடுத்தவரையும் பற்றியே பேசுகிறீர்கள். மைத்துனரை யாரும் நினைக்கவில்லை.

என் அப்பா நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பர் ஐ.பி. கொடுத்து விடுவிப்பும் வாங்கிவிட்டார். அப்பாவுக்கு விடுவிப்பு இல்லை. அப்பாவின் சம்பளத்தில் பிடித்தார்கள். கடன் வாங்கியவரை விடுவிக்கும் உத்தரவு ஜாமீன்தாரரை விடுவிக்காது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வங்கி நோட்டீஸ் வந்து மைத்துனர் தெரிந்துகொள்ளக் கூடாது. அண்ணனே சொல்ல வேண்டும்.

கறுப்பு அங்கி:
அம்மா சொன்னது முற்றிலும் சரி. ஜாமீன்தாரர் மட்டுமல்ல, கூட்டாளியும் சேர்ந்து கையெழுத்திட்டவரும்கூட அதனால் விடுபடமாட்டார்கள். அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவையும் விடுவிப்புக்குள் வராது.

காசோலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பணம் இல்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை அல்லது காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அது குற்ற வழக்கு, ஐ.பி. மனு அதைத் தடுக்காது. வெற்றுக் காசோலை வைத்திருக்கும் அந்த இருவரிடம்தான் முதலில் பேச வேண்டும். மற்றபடி, கடன் கட்ட முடியாததற்காக மட்டும் சிறை என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். வழியில்லாதவனை, நேர்மையற்ற எண்ணம் இல்லாதபோது, நீதிமன்றத் தீர்ப்பின்படி கட்ட வேண்டிய கடனுக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே சொல்லிவிட்டது.

தறித்தம்பி:
அனைவருக்கும் நன்றி. புரோக்கரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம். ஒன்பது பேரில் ஒருவர் கணவரை இழந்த அம்மா. தறியில் நூல் சுற்றியவர், 80 ஆயிரம் கொடுத்திருக்கிறார். அண்ணி நகையை விற்று அவருக்கு மட்டும் முதலில் கொடுத்துவிட்டு மனு போடலாமா?

ஓய்வூதியர்:
கண்டிப்பாகக் கொடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கறுப்பு அங்கி:
யோசிக்க இருக்கிறது ஐயா. கட்ட முடியாத நிலையில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டும் எண்ணத்தோடு அண்ணன் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் மனுவும் போட்டால் அந்தக் கொடுப்பனவு செல்லாது. அந்த அம்மாவிடமிருந்தே பணத்தைத் திரும்பக் கேட்பார்கள்.

ஓய்வூதியர்:
இதை என்னால் ஏற்க முடியவில்லை. வட்டிக்கு விட்டவனும் நூல் சுற்றிச் சேர்த்தவளும் ஒரே தட்டிலா?

கறுப்பு அங்கி:
என் மனமும் உங்கள் பக்கம்தான். ஆனால் இந்தக் கதவைத் திறந்தால் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியவரும் தன் சொந்தக்காரர்களுக்கு முதலில் கொடுத்ததாகச் சொல்லித் தப்பியிருப்பார். அண்ணியின் நகை அவர் பிறந்த வீட்டிலிருந்து வந்த சீதனம் என்றால் அது அண்ணனின் சொத்தே இல்லை. அதை விற்று அண்ணி தம் பணமாகக் கொடுப்பதை, என் பார்வையில், யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அது அண்ணியின் முடிவாக இருக்க வேண்டும், யாரும் நெருக்கக் கூடாது. நகை வந்த விவரத்துக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வீட்டை நீங்களே நல்ல விலைக்கு விற்று வங்கியை முடித்தால் மைத்துனரும் தப்புவார். காட்டையும் தறியையும் விற்று மீதிப் பேரைக் கூட்டி உட்கார்ந்து பேசினால் ஐ.பி. தேவையே இல்லாமல் போகலாம். ஏலத்தைவிட நீங்கள் விற்றால் விலை கூட வரும்.

ஓய்வூதியர்:
ஐ.பி. பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் பாத்திரக்கடைக்காரரைப் போல ஒருவர் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தால், ரூபாய்க்கு நாற்பது பைசா வந்திருந்தால், நான் அந்த மனிதரோடு இன்றும் பேசிக்கொண்டிருப்பேன். தம்பி, எதைச் செய்தாலும் நோட்டீஸ் போவதற்கு முன் ஒன்பது வீட்டுக்கும் நேரில் போங்கள். திட்டுவார்கள். நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தறித்தம்பி:
மைத்துனரிடம் நேற்று இரவு அண்ணன் சொல்லிவிட்டார். அவர் ஒன்றும் பேசவில்லை, அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டு விலை என்ன போகும் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நூல் சுற்றும் அம்மா வீட்டுக்கு முதலில் போகிறோம். அண்ணன் இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டார்.