கொளப்பள்ளிப் பிள்ளைகள் கேட்பது குடும்ப அட்டையின் நகல்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

"பழைய காயத்தைக் கிளறி என்ன ஆகப்போகிறது? பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகட்டும்" என்று, நம் பிள்ளைகள் பெரியவர்களின் இலங்கை நினைவுகளைப் பதிவு செய்வது பற்றித் துபாயிலிருந்து அண்ணன் எழுதியிருந்தார். அக்கறையில் எழுதியதுதான். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை.

நீலகிரி மாவட்டம் கொளப்பள்ளியில், தேயிலைத் தோட்ட வரிசை வீடுகளான நம் லயத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்கிறார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த நம் மக்களுக்கு 1948இல் குடியுரிமை பறிபோனது, 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று நம்மைக் கேளாமலே நம்மைப் பங்கு பிரித்தது, தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்தது எல்லாம் அதில் இருக்கின்றன.

விடுமுறையில் வந்தபோது என் பெரியம்மா பேசியதை நானும் உட்கார்ந்து கேட்டேன். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்ததைச் சொன்னார். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள அம்மாள் பிள்ளைகளை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வாசலை மறித்து நின்றதையும் சொன்னார். பதிவு செய்த பெண் பிளஸ் டூ படிக்கிறாள். "அவங்க பேர் என்ன அம்மாச்சி?" என்று கேட்டு, அந்தப் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். தீ வைத்தவர்களுக்கும் காப்பாற்றியவருக்கும் ஒரே நோட்டில் இடம் கொடுக்கிற நேர்மை எங்கள் தலைமுறைக்கு வாய்க்கவில்லை. நாங்கள் அழுதோம், அல்லது வாய்மூடி இருந்தோம்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இளையவர்கள்தான் முன்னே நிற்கிறார்கள். 2018 அக்டோபரில், இலங்கைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டு, தோட்டத் தொழிலாளர்களுக்கு நாட்சம்பளமாக 1,000 ரூபாய் கேட்டார்கள். அதே திடலில் 2022 மே 18 அன்று 2009 போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காகக் கஞ்சி காய்ச்சப்பட்டது. சிங்கள இளைஞர்களும் வந்து நின்றார்கள். அதைப் பார்க்க நம் தாத்தாமார் இல்லையே என்றிருந்தது.

இங்கே நிலைமை வேறு. சாதிச் சான்றிதழுக்குப் போனால், சிலோனிலிருந்து வந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். அந்த ஆதாரம் ரேஷன் அட்டை அல்ல, தாயகம் திரும்பியவர்களுக்கு இந்தியத் தூதரகம் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை. அது பல வீடுகளில் கரையான் அரித்துவிட்டது. அது இல்லாமல் கல்லூரி இடத்தை இழந்த பிள்ளையை எனக்குத் தெரியும். பழையதைக் கிளறாமல் அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கும், அண்ணா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மைக் குடியமர்த்தக் காட்டை வெட்டித்தான் தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தேயிலையை வைத்தார்கள். பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் அதற்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்கள். அவர்களுடைய குடியிருப்புகளான பாடிகளுக்கும் போய்க் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்திருக்கிறார்கள். சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நன்கொடை பற்றிப் பிறகு பேசலாம். இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் கண்டிக் குடும்ப அட்டையை எல்லாப் பக்கங்களும் தெரியும்படி படமெடுத்து, பொங்கலுக்குள் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். உறவினர் அட்டை உங்களிடம் இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அசலை யாரும் தபாலில் அனுப்ப வேண்டாம்.