10 மீற்றர் காற்றுத் துப்பாக்கி: பாரம் குறைக்க என்ன மாற்றலாம்?

வணக்கம். கொழும்பில் கழகப் பயிற்சிக்கு வரும் 14 வயதுப் பிள்ளைக்கு 4.5 மி.மீ. போட்டித் துப்பாக்கி ஒன்று தேவை. விதி 5.5 கிலோ வரை விடும். எங்களுக்கு 4 கிலோவுக்குக் கிட்ட இருந்தால் போதும்.

குழாயைத் தாங்கி, தோளில் வைத்துப் பிடிக்கிற கட்டை அலுமினியமா, மரமா? மரம் மலிவு, ஆனால் பிள்ளை வளர வளரத் தோள்தட்டையும் கன்னத்தாங்கியையும் நகர்த்த அலுமினியம்தான் வசதி. சும்மா இலேசாக்கினாலும் சரிவராது: முன்பக்கம் பாரமில்லாவிட்டால் குழாய் ஆடும், கூடினால் முதுகு வளைந்து நோகும். சமநிலைப் புள்ளி இடது கைக்குக் கிட்ட வரவேணும்.

சின்ன சிலிண்டர் (துப்பாக்கியில் பூட்டுகிற அழுத்தக் காற்றுக் குப்பி) போட்டவர்கள் சொல்லுங்கோ: பயிற்சிச் சூடுகளோடு 60 போட்டிச் சூட்டுக்கும் ஒரே நிரப்பல் காணுமா? பழைய சிலிண்டர் விற்கிற ஆக்கள் உற்பத்தித் திகதியையும் போடுங்கோ. 10 வருசம் தாண்டினது போட்டியில் எடுபடாது.