மெமோரியல் டே 'மர்ஃப்': முதல் முறை பண்றவங்க எப்படித் தயாராகணும்?

கேள்வி (புது_ஓட்டம்):
மே கடைசித் திங்கள், போர்ல இறந்த அமெரிக்க வீரர்களை நினைக்கிற மெமோரியல் டே அன்னிக்கு, எங்க ஜிம்ல 'மர்ஃப்' பயிற்சி. 1 மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 புஷ்-அப், 300 ஸ்குவாட், மறுபடி 1 மைல். ஒரே மூச்சில எனக்கு 7 புல்-அப்தான் வரும். இன்னும் 8 வாரம் இருக்கு. பிரிச்சுப் பண்ணினா மரியாதைக் குறைவா? எடை வெச்ச மேல்சட்டை (வெஸ்ட்) கட்டாயமா?

பழைய_கம்பி:
மரியாதைக் குறைவே இல்லைங்க. 2005 ஆகஸ்ட்ல கிராஸ்ஃபிட்ங்கிற உடற்பயிற்சி நிறுவனம் இதை வெளியிட்டப்பவே, நடுவில உள்ள மூணையும் தேவைக்கேத்த மாதிரி பிரிச்சுக்கலாம்னுதான் போட்டிருந்தது. வெஸ்ட்டும் 'இருந்தா போட்டுக்கோ'தான். எடை 20 பவுண்டு, கிட்டத்தட்ட 9 கிலோ. போர்ல இறந்த நேவி சீல் (அமெரிக்கக் கடற்படையோட சிறப்புப் படை) லெப்டினன்ட் மைக்கேல் மர்ஃபி நினைவாத்தான் 'மர்ஃப்'னு பேர். அவர் இந்தப் பயிற்சிக்கு வெச்ச பேரே 'பாடி ஆர்மர்', அதாவது உடல் கவசம்.

பலரும் சுற்றுக்கு 5 புல்-அப், 10 புஷ்-அப், 15 ஸ்குவாட்னு (5-10-15) 20 சுற்று போவாங்க. 7 புல்-அப் வர்றவருக்கு அது பாதியிலயே கை விட்டுடும். 4-8-12னு 25 சுற்று போங்க, கணக்கு சரியா முடியும். முதல்ல மாட்டிக்கிறது புல்-அப் இல்லை, புஷ்-அப். ஒருதடவை நெஞ்சு தரையோட ஒட்டிட்டா அப்புறம் மீளவே மீளாது. அதனால 8-ஐ 4, 4ஆ உடைச்சு, நடுவில புல்-அப்பை வைங்க.

வாரம் ஒரு நாள்: முதல் வாரம் 8 சுற்று, அப்புறம் வாரத்துக்கு 2 கூட்டி, ஆறாவது வாரம் 18. ஏழில 10, எட்டில லேசா. முதல் தடவை வெஸ்ட் வேண்டாம்.

சுண்ணாம்புக்கை:
ஒரு எச்சரிக்கை. புல்-அப் வராதவங்க குதிச்சு ஏறி, மெதுவா இறங்குறாங்க பாருங்க, அதுதான் ஆபத்து. நூறு தடவை அப்படி இறங்கினா தசை சிதைஞ்சு போற ராப்டோங்கிற (ராப்டோமயோலிசிஸ்) ஆபத்தான நிலை வரலாம். அடுத்த ரெண்டு மூணு நாளுக்குள்ள கை வீங்கி மடக்க முடியலைன்னாலோ, சிறுநீர் கோலா நிறத்தில போனாலோ, நேரா ஆஸ்பத்திரி. வலி மாத்திரை போட்டுட்டு படுக்காதீங்க. ரிங் ரோ (தொங்குற வளையத்தைப் பிடிச்சு, கால் தரையில வெச்சு, சாய்ஞ்சபடி உடம்பை இழுக்கிறது) பண்ணுங்க, இல்லைன்னா எல்லாத்தையும் பாதியாக்குங்க.

வெஸ்ட் போடுறவங்க பக்கப்பட்டையை இறுக்குங்க. தளர்ந்தா ஓடும்போது தோள்ல குதிச்சுத் தோலை உரிச்சுடும். ரொம்ப இறுக்கினா மூச்சு முட்டும்.

நினைவு_மணி:
ஆரம்பிக்கும் முன்னாடி ஜிம்ல பேரை வாசிக்கச் சொல்லுங்க. மர்ஃபி மட்டுமில்ல. 2005 ஜூன் 28, ஆப்கானிஸ்தான் குனார் மலை: அவரோட நாலு பேர் குழுவில மூணு பேர் இறந்தாங்க. உதவிக்குப் போன ஹெலிகாப்டரை வீழ்த்தினதில இன்னும் 16 பேர். மொத்தம் 19 பேர், வாசிக்க ரெண்டு நிமிஷம் போதும். மறைவிலேர்ந்து வெளியே வந்து போன்ல உதவி கேட்டதுக்காக மர்ஃபிக்கு 2007ல அமெரிக்காவோட உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் கொடுத்தாங்க, அதை வாங்கினது பெத்தவங்க.

'ஹேப்பி மெமோரியல் டே' பேனர் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். ஜிம்ல கொடிக்கம்பம் இருந்தா மதியம் 12 வரை அரைக்கம்பம், அப்புறம் முழுசா ஏத்தணும்.

புது_ஓட்டம்:
நன்றிங்க. 4-8-12, வெஸ்ட் இல்லாம. பேர்ப் பட்டியலை நானே அச்சடிச்சு எடுத்துட்டுப் போறேன்.