சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் வந்தாலே ‘இடமாற்றம்’தானா?

அல்சூர்_வாசகி:

வணக்கம். டாரோ ரீடிங்குக்கு ரைடர்-வெய்ட் டெக்தான் (கார்டுக் கட்டு) பயன்படுத்துறேன். 78 கார்டுல சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் (ஆறு வாள்) மட்டும் பிடிபடவே மாட்டேங்குது. எந்தக் கையேட்டைத் திறந்தாலும் ‘பயணம், இடமாற்றம், கஷ்டத்திலிருந்து விலகல்’னு நின்னுடுது. பெங்களூருல ரீடிங்குக்கு வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கேட்கிறதே வேலை மாறலாமா, வீடு மாறலாமா, ஊருக்கே திரும்பிடலாமாங்கிறதுதான். அவங்ககிட்ட ‘இடமாற்றம்’னு சொன்னா, கேள்வியையே திருப்பிச் சொன்ன மாதிரி ஆகுது.

ரெண்டு ரீடிங் வச்சுக் கேட்கிறேன்.

முதலாவது: எலக்ட்ரானிக் சிட்டி வேலையை விட்டுட்டு ஹைதராபாத் ஆஃபரை எடுக்கலாமா? செல்டிக் கிராஸ், அதாவது பத்து கார்டு விரிப்பு. 1-ஆவது இடத்துல ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ், அதுக்குக் குறுக்கே சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ், முடிவைக் காட்டுற 10-ஆவது இடத்துல எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ்.

ரெண்டாவது: பிரிஞ்சு போன கணவர் திரும்ப வருவாரா? மூணு கார்டு. ஃபைவ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ், சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் தலைகீழ், ஜஸ்டிஸ்.

தலைகீழா வந்தா ‘போனவர் திரும்புவார்’னு சொல்லலாமா? எப்ப நடக்கும்னு கேட்டா இந்தக் கார்டை வச்சுத் தேதி சொல்ல முடியுமா?

கார்டுப்பெட்டி:

கையேட்டை மூடி வச்சுட்டு கார்டை மேஜை மேல வைங்க. பமீலா கோல்மன் ஸ்மித் 1909-ல வரைஞ்ச படத்துலயே பாதி பதில் இருக்கு.

படகுல மூணு பேர். ஒருத்தர் நின்னுக்கிட்டு கழி ஊன்றித் தள்ளுறார். போர்த்தி மூடின ஒரு உருவமும் ஒரு குழந்தையும் முன்னால உட்கார்ந்திருக்காங்க. மூணு பேர் முகமும் நமக்குத் தெரியாது. ஆறு வாளும் முனை கீழா படகுலயே குத்தி நிக்குது. கழி ஊன்றுற வலது பக்கம் தண்ணி அலையடிக்குது, இடது பக்கம் தட்டையா கிடக்குது. அக்கரை கண்ணுக்குத் தெரியுற தூரத்துலதான் இருக்கு.

இதுல நாலு விஷயத்தைக் கேள்வியோட பொருத்துங்க.

முதல்ல தூரம். கழி தரையைத் தொடுதுன்னா ஆழம் குறைவு. அக்கரை தெரியுதுன்னா தூரமும் குறைவு. ஆக, இது கடல் கடக்கிற கப்பல் இல்ல, ஆத்துப் பரிசல் ரகம். இந்த ஒரு கார்டை வச்சு ‘வெளிநாட்டு யோகம்’னு அடிச்சு விடறவங்க மேல எனக்குக் கோபமே வரும். ஒயிட்ஃபீல்டை விட்டு ஓசூருக்குக் குடி போனாலும் இதே கார்டுதான் வரும். அதே வீட்டுல இருந்துக்கிட்டு டீம் மட்டும் மாறினாலும் வரும். வெளிநாடுன்னு சொல்லணும்னா பக்கத்துல த்ரீ ஆஃப் வாண்ட்ஸோ தி வேர்ல்டோ துணைக்கு வரணும்.

ரெண்டாவது, கழி யார் கையில. கேட்டவர் உட்கார்ந்திருக்காரா, தள்ளுறாரா? கையேடுகள் தொடாம விடுற இடம் இதுதான். பக்கத்துல கிங், குவீன், நைட் மாதிரி கோர்ட் கார்டு இருந்தா படகோட்டி அவர்தான்: கன்சல்டன்சிக்காரர், வக்கீல், அண்ணன், ஏற்கனவே அந்த ஊர்ல இருக்கிற நண்பர். கோர்ட் கார்டே இல்லன்னா நேரா கேட்டுடுங்க, ‘இந்த மாற்றத்துக்கான வேலையை யார் செஞ்சுக்கிட்டிருக்காங்க?’ன்னு. ‘நான்தான்’னு பதில் வந்தா, முன்னால உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேரும் அவரை நம்பி வர்ற குடும்பம். அப்ப ரீடிங்கோட பாரமே அவர் தோள் மேல போயிடும்.

மூணாவது, வாள். பிரச்சினை கரையில நின்னுடல, படகுல ஏறி கூடவே வருது. முன்னாடி இருந்த மேனேஜர் மேல இருக்கிற வருத்தம், தீராத கடன், வீட்டு ஓனர் இன்னும் திருப்பித் தராத பத்து மாச அட்வான்ஸ், எதுவா வேணா இருக்கலாம். பிடுங்கி எறிஞ்சா அந்த ஓட்டை வழியா தண்ணி புகுந்துடும். அதனால ‘எல்லாம் முடிஞ்சுது, புது வாழ்க்கை’ன்னு இந்தக் கார்டுக்குச் சொல்லக் கூடாது.

நாலாவது, தண்ணி. ரெண்டு பக்கத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தைக் காட்டி ‘நிலைமை இப்பவே கொஞ்சம் தணிஞ்சிருக்கே, கவனிச்சீங்களா?’ன்னு கேளுங்க. அனேகமா ஆமான்னுதான் சொல்வாங்க.

சோகம் பத்தியும் ஒரு வார்த்தை. குனிஞ்ச உருவத்தைப் பார்த்துட்டு எல்லாரும் அழுகைக் கார்டாக்கிட்டாங்க. இந்த டெக்கை உருவாக்கின ஏ. இ. வெய்ட் எழுதினதுல அழுகை கிடையாது. நீர்வழிப் பயணம், பாதை, தூதர், உபாயம், அவ்வளவுதான். நீரோட்டம் சீரா இருக்கு, சுமையும் லேசு, படகோட்டியோட பலத்துக்கு மீறின வேலை இல்லன்னும் சொல்லியிருக்கார். படம் ஒரு மனநிலையைக் காட்டுது, எழுத்து வேறொண்ணைச் சொல்லுது. கேட்கிறவர் கலங்கிப் போய் வந்திருந்தா ‘உங்க சக்திக்கு உட்பட்டதுதான்’ங்கிற வெய்ட் பக்கத்தை எடுத்துச் சொல்லுங்க. துள்ளிக் குதிச்சுக்கிட்டு வந்தா வாள்களைக் காட்டுங்க.

இப்ப உங்க முதல் ஸ்ப்ரெட் (விரிப்பு). 2-ஆவது இடம், அதாவது குறுக்குக் கார்டு, தடை. அங்க நல்ல கார்டு விழுந்தா, எதிர்ப்பு பெருசா இருக்காது, இல்லன்னா நல்ல விஷயமே இந்த இடத்துல பலன் தராதுன்னு வெய்ட் முறை சொல்லுது. கீழே இருக்கிற ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸைப் பாருங்க. ஒரு காசு தலையில, ஒண்ணு நெஞ்சோட அணைச்சு, ரெண்டு பாதத்துக்குக் கீழ. பின்னால ஊர் இருக்கு, அவர் அசையவே மாட்டேங்கிறார். அதுக்குக் குறுக்கே படகு. அதாவது ‘போயிடலாம்’ங்கிற நினைப்பே அவரை இங்கயும் நிம்மதியா இருக்க விடல, காசுப் பிடிமானம் அங்கயும் போக விடல. 10-ல இருக்கிற எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ் பட்டறையில உட்கார்ந்து ஒவ்வொரு காசா செதுக்குற ஆள். எந்த ஊர்ல இருந்தாலும் கையில கத்துக்கிட்டுச் செய்யுற வேலை. ஆஃபர்ல பதவி பெருசா தெரிஞ்சாலும் முதல் கட்டம் கீழிருந்துதான் தொடங்கும்னு சொல்வேன். ‘போங்க’ன்னும் சொல்ல மாட்டேன், ‘போகாதீங்க’ன்னும் சொல்ல மாட்டேன். நோட்டீஸ் காலத்துல சம்பளப் பாக்கி, போனஸ் எதையாவது விட்டுட்டுப் போக வேண்டி வருமான்னு கணக்குப் போடச் சொல்வேன். இந்த ஸ்ப்ரெட்டோட முடிச்சு காசுலதான் இருக்கு.

கும்பக்_காற்று:

அண்ணா சொன்னதோட சேர்த்துக்கோங்க. குறுக்குக் கார்டு படுத்த வாக்குல கிடக்கும், அதுக்கு நேர், தலைகீழ் கணக்கு வேண்டாம்.

தேதி கேட்டீங்களே. கோல்டன் டான்ங்கிற பிரிட்டிஷ் மறைஞான சங்கத்தோட மரபுல இந்தக் கார்டு கும்பத்துல புதன், கும்பத்தோட நடுப் பத்து பாகை. சூரியன் அங்க நிக்கிறது ஏறத்தாழ ஜனவரி 30 முதல் பிப்ரவரி 8 வரைக்கும். ஆனா இது மேற்கத்திய சாயன ராசி (வசந்த சம இரவு நாள்லிருந்து எண்ணுற கணக்கு). நம்ம பஞ்சாங்கத்துல சூரியன் கும்பத்துக்குள்ள வர்றதே மாசி 1, அதாவது பிப்ரவரி 13 வாக்குல. ரெண்டையும் கலந்து தேதி சொல்றவங்களைப் பார்க்கிறேன். ஒரு வரிசையைப் பிடிச்சா அதுலயே நில்லுங்க. அதோட, 2-ஆவது இடத்துல வந்த கார்டுக்குத் தேதி பார்க்கக் கூடாது. அடுத்து வரப்போறதைக் காட்டுற 6-ஆவது இடம், இல்லன்னா 10-ஆவது இடத்துல விழுந்தா மட்டும் பாருங்க. அப்பவும் ‘அந்த வாக்குல ஒரு நகர்வு தெரியும்’கிற அளவுக்கு மேல நான் போக மாட்டேன்.

கோல்டன் டான் இந்தக் கார்டுக்கு வச்ச பேரு ‘உழைச்சுப் பெற்ற வெற்றி’. க்ரௌலியும் ஃப்ரீடா ஹாரிஸும் செஞ்ச தோத் டெக்குல இது ‘அறிவியல்’. அங்க படகும் இல்ல, பயணமும் இல்ல. புத்தியைத் தெளிவா வச்சுக்கிட்டுச் சிக்கலைப் பிரிக்கிறதுதான் அர்த்தம். ரைடர் டெக்கை விரிச்சுட்டு தோத் அர்த்தத்தைச் சொல்றது, சொன்னவருக்கே பின்னால குழப்பும்.

தனிமங்களையும் பாருங்க. வாள் காற்று, பென்டகிள்ஸ் நிலம், ரெண்டும் பகை. உங்க முதல் ஸ்ப்ரெட்ல படகுக்கு முன்னும் பின்னும் பென்டகிள்ஸ். கார்டு பலவீனப்பட்டு நிக்குது. அதனால அந்த மாற்றம் நடந்தாலும் இழுத்துப் பறிச்சுத்தான் நடக்கும். நெருப்பான வாண்ட்ஸ் பக்கத்துல இருந்திருந்தா கதை வேற.

மல்லேஸ்வரம்_டெக்:

ரெண்டாவது ரீடிங்ல அவசரப்பட்டு ‘திரும்புவார்’னு சொல்லிடாதீங்க மேடம். கேட்கிறவங்க மனசு புண்பட்டிருக்கிற கேள்வி இது.

தலைகீழ்ன்னா நேர் அர்த்தத்தைத் திருப்பிப் போடுறதுன்னு ஒரு பழக்கம் வந்துடுச்சு. இந்தக் கார்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது. நடைமுறையில மூணு விதமாப் படிக்கலாம். படகு கிளம்பல, இல்லன்னா பாதியில நிக்குது. கிளம்பினவர் பழைய கரைக்கே வந்தார். மூணாவது வெய்ட் சொன்னது: அறிவிப்பு, ஒப்புதல் வாக்குமூலம், விஷயம் வெளியே தெரிய வருதல். காதலைத் தெரிவிக்கிறதுன்னும் ஒரு பாடம் உண்டுன்னு அவரே குறிச்சிருக்கார்.

இதுல எதை எடுக்கணும்னு பக்கத்துக் கார்டு சொல்லும். ரெண்டாவது அர்த்தத்தை எடுக்கணும்னா சிக்ஸ் ஆஃப் கப்ஸ், டூ ஆஃப் கப்ஸ், ஃபோர் ஆஃப் வாண்ட்ஸ், இதுல ஒண்ணாவது வேணும். உங்களுக்கு வந்தது என்ன? முன்னால ஃபைவ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ், பின்னால ஜஸ்டிஸ். ஃபைவ்ல ஒருத்தர் வாளைப் பொறுக்கிக்கிட்டுச் சிரிக்கிறார், மத்த ரெண்டு பேர் முதுகைக் காட்டிப் போறாங்க. ஜெயிச்சும் உறவு போன சண்டை அது. ஜஸ்டிஸ் கையில தராசு, மறு கையில நிமிர்ந்த வாள். மூணு கார்டுலயும் வாள் இருக்கு, உணர்வைக் காட்டுற கப்ஸ் ஒண்ணுகூட இல்ல. நான் படிச்சா இப்படித்தான் படிப்பேன்: விலகல் முழுசா முடியல, சொல்லாம வச்ச சில விஷயம் வெளியே வரணும், அடுத்து ரெண்டு பக்கமும் உட்கார்ந்து நியாயமாப் பேசித் தீர்க்கிற கட்டம். சேருவாங்களா பிரிவாங்களாங்கிறது இந்த மூணு கார்டுல இல்ல. ‘கோர்ட்டுக்குப் போகும்’னும் சொல்லாதீங்க. ஜஸ்டிஸ் பெரியவங்க பஞ்சாயத்தாவும் இருக்கலாம்.

எய்ட் ஆஃப் கப்ஸோட இதைக் குழப்பிக்கிறவங்களும் நிறைய. அங்க ஒரே ஆள், கோல் ஊன்றி, ராத்திரியில, அடுக்கி வச்ச கோப்பைகளை அப்படியே விட்டுட்டு நடக்கிறார். தானா எடுத்த முடிவு, கையில ஒண்ணும் இல்ல. சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்ல துணையும் உண்டு, மூட்டையும் உண்டு. செவன் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் இன்னொரு தினுசு: கூடாரத்துலிருந்து அஞ்சு வாளை அள்ளிக்கிட்டுப் பூனை நடை. சிக்ஸும் செவனும் ஒரே ஸ்ப்ரெட்ல வந்தா, சொல்லாமக் கொள்ளாமக் கிளம்புற யோசனை இருக்கான்னு நாசூக்காக் கேளுங்க.

அல்சூர்_வாசகி:

ரொம்ப நன்றி. படகோட்டி யாருன்னு கேட்கணுங்கிறதே தோணல. இன்னும் ரெண்டு சந்தேகம். ரெண்டாவது ரீடிங்குக்கு க்ளாரிஃபையர் (தெளிவுக்காகக் கூடுதலா எடுக்கிற கார்டு) ஒண்ணு எடுக்கலாமா? ஒருத்தருக்கு ஸ்ப்ரெட்ல பத்துக்கு ஏழு தலைகீழா வருது, அது சரிதானா?

கார்டுப்பெட்டி:

க்ளாரிஃபையர் ஒண்ணே ஒண்ணு, அதுவும் வேற கேள்வியோட. ‘திரும்புவாரா’ன்னு மறுபடி எடுத்தா பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் எடுத்துக்கிட்டே இருப்பீங்க. ‘எந்த விஷயத்தை முதல்ல பேசணும்?’னு கேட்டு ஒரு கார்டு எடுத்து, சிக்ஸ் மேலயே வைங்க. அதோட நிறுத்திடுங்க.

பத்துக்கு ஏழு தலைகீழுன்னா முதல்ல கலைக்கிற விதத்தைப் பாருங்க. கட்டை ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதியைத் திருப்பி வச்சுக் கலைச்சா, அடுத்தடுத்த ரீடிங்குல அந்தத் திருப்பம் சேர்ந்துக்கிட்டே போகும். மொத்தக் கட்டும் தலைமாறி உங்க பக்கம் வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கேட்கிறவர் எதிர்ல உட்கார்ந்து வெட்டிக் குடுக்கும்போது இது சகஜம். ஒவ்வொரு ரீடிங் முடிஞ்சதும் 78-ஐயும் நேராக்கிடுங்க. அப்புறம் மேஜையில முகம் கீழாப் பரப்பி ரெண்டு கையாலும் ஒரு நிமிஷம் கலக்குங்க. கார்டைப் புரட்டும்போது இடமிருந்து வலமாப் புரட்டணும், மேலிருந்து கீழாப் புரட்டினா நேரா இருக்கிறதும் தலைகீழாயிடும். முக்கியமா, தலைகீழ் பார்ப்பேனா மாட்டேனான்னு கலைக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

ஃப்ரேசர்_டவுன்_டிமார்சே:

மார்செய் டெக் (பழைய பிரெஞ்சு டாரோ கட்டு) வச்சிருக்கிறவங்க இந்தத் திரியைப் படிச்சுட்டுப் படகைத் தேடாதீங்க. அங்க வளைஞ்ச ஆறு வாள், நடுவுல ஒரு பூ. ஒற்றைப்படை எண்கள்ல நடுவுல நேர்வாள் வரும், பத்தைத் தவிர மத்த இரட்டைப்படைக்குப் பூதான். ஃபைவ்லயும் செவன்லயும் வாள் இருந்த இடத்துல ஆறுக்குப் பூ. அதை வச்சு எண்ணையும் வாளையும் சேர்த்துப் படிங்க: வெட்டுக்கு நடுவுல கொஞ்சம் ஓய்வு. பயணம்னு அந்தப் படத்துல எதுவும் கிடையாது.